கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு நெட்வொர்க் வேகம் பத்தில் ஒரு பங்கு – மறுபடி இன்ஸ்டால் செய்துவிடவா?

தூங்காவிளக்கு · சனி, இரவு 10:20

வணக்கம். மூன்று நாளாக மண்டை காய்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து வயதான டெஸ்க்டாப், டெபியன் 12 லினக்ஸ். மதர்போர்டிலேயே ரியல்டெக் கிகாபிட் சிப் இருக்கிறது. கணினியிலிருந்து சுவர் சாக்கெட் வரை ஒரு கேபிள். அங்கிருந்து சுவருக்குள்ளேயே ஓடி, கூடத்தில் இருக்கும் ரவுட்டருக்குப் போகிறது. ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு பழைய லேப்டாப், அதிலும் லினக்ஸ்தான். சம்பா (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் மென்பொருள்) போட்டு வீட்டின் கோப்புக் கிடங்காக வைத்திருக்கிறேன்.

பெரிய வீடியோ கோப்புகளை அங்கே நகலெடுத்தால் நொடிக்கு 110 மெகாபைட் வரும். புதன்கிழமை கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட் வந்தது. வியாழன் பார்த்தால் 11தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

செய்து பார்த்தவை: பழைய கர்னலில் பூட் செய்தேன், அப்போதும் 11 (அப்டேட் பழையதையும் ஏதோ செய்துவிட்டது என்று நினைக்கிறேன்). சிப்பை இயக்கும் ஆர்8169 டிரைவரை பிளாக்லிஸ்டில் போட்டு (லோட் ஆகாமல் தடுத்து) மாற்று டிரைவரான ஆர்8168 கம்பைல் செய்யப் பார்த்தேன், பாதியில் பிழை அடித்தது, திரும்பி வந்தேன். ஐபிவி6 அணைத்தேன். எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1400 ஆக்கினேன். டிஎன்எஸ் மாற்றினேன். சம்பா கட்டமைப்பில் எங்கோ படித்த நாலு வரியைச் சேர்த்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை.

வெறுத்துப்போய் யூஎஸ்பி வைஃபை டாங்கிளைச் செருகினேன். தலைவலி போய்த் திருகுவலி. கிடங்கிலிருந்து வெளி ஹார்டு டிஸ்குக்கு பேக்கப் ஆரம்பித்தால் ஒரு நிமிடம் ஓடும், அப்புறம் வைஃபை செத்துவிடும். டிஸ்கைக் கழற்றினால் உயிர் வரும்.

நாளை காலை எல்லாவற்றையும் அழித்துவிட்டு இன்ஸ்டால் செய்ய பென்டிரைவ் தயார். யாராவது தடுக்கிறீர்களா?

அரைவட்டு · சனி, இரவு 10:41

நான் தடுக்க மாட்டேன். இன்ஸ்டால் அரை மணி நேர வேலை. ஹோம் கோப்புறை தனிப் பார்ட்டிஷனில் இருந்தால் தரவுக்கும் பயமில்லை.

அதற்கு முன் ஒன்று மட்டும்: எத்டூலில் (நெட்வொர்க் கார்டின் நிலையைக் காட்டும், மாற்றும் கட்டளை) வேகத்தை 1000 என்று கட்டாயப்படுத்தி, ஆட்டோநெகோஷியேஷனை (இரு முனைகளும் வேகத்தைத் தாமே பேசி முடிவு செய்வதை) ஆஃப் செய்து பாருங்கள்.

செப்புக்கம்பி · சனி, இரவு 11:05

நான் தடுக்கிறேன். அந்த பென்டிரைவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

முதலில் அரைவட்டு சொன்னதைச் செய்யாதீர்கள். செப்புக் கம்பியில் ஓடும் கிகாபிட்டுக்கு ஆட்டோநெகோஷியேஷன் கட்டாயம். இரு முனைகளில் எது கடிகாரத்துக்குத் தலைமை, எது பின்தொடர்வது என்பதையே அந்தப் பேச்சில்தான் முடிவு செய்கின்றன. அதை அணைத்தால் இணைப்பே விழலாம். ஒரு பக்கம் மட்டும் 100 என்று கட்டிப்போட்டாலும் வம்புதான்: எதிர்ப்பக்கம் பதில் வராததால் ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) என்று எடுத்துக்கொள்ளும். பிங் நன்றாகப் போகும், கோப்பு மட்டும் நத்தையாக நகரும். அதைத் தேடி ஒரு வாரம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் 11க்கு வருவோம். நீங்கள் எழுதியதிலேயே பெரிய துப்பு அந்த எண்தான். 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். ஈதர்நெட், ஐபி, டிசிபி ஆகிய மூன்றும் ஒட்டும் தலைப்புகளைக் கழித்தால் 11.7, 11.8 மிஞ்சும். சம்பாவும் தன் பங்கைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆக 11. டிரைவர் கெட்டுப்போனால் வேகம் ஏறும், இறங்கும், நின்று நின்று போகும். இப்படி ஒரே எண்ணில் சமாதியாக உட்காராது. உங்கள் இணைப்பு 1000லிருந்து 100க்கு இறங்கியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

டெர்மினலில் எத்டூல், பக்கத்தில் உங்கள் இன்டர்ஃபேஸ் பெயர். வருவதை இங்கே போடுங்கள். வைஃபை வேறு நோய். அதை இப்போது கலக்க வேண்டாம்.

கர்னல்காரன் · சனி, இரவு 11:30

கர்னலை இவ்வளவு சீக்கிரம் விடுதலை செய்யாதீர்கள். எனக்கும் ரியல்டெக்தான். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு 'நெட்டெவ் வாட்ச்டாக், டிரான்ஸ்மிட் க்யூ டைம்டு அவுட்' என்று லாக் நிரம்பியது. கடைசியில் பிசிஐ எக்ஸ்பிரஸின் மின்சேமிப்பு, அதாவது ஏஎஸ்பிஎம், சிப்போடு ஒத்துப்போகவில்லை. பூட் வரியில் பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் சேர்த்ததும் அடங்கியது. கர்னலும் தப்பு செய்யும்.

செப்புக்கம்பி · சனி, இரவு 11:38

செய்யும், மறுக்கவில்லை. ஆனால் உங்களுடையதில் இணைப்பு நின்று நின்று போயிருக்கும், லாக்கும் கத்தியிருக்கும். இவர் சொல்வது சீராக ஓடும் 11. அந்தக் குறி வேறு, இந்தக் குறி வேறு.

தூங்காவிளக்கு · ஞாயிறு, காலை 7:15

இன்னும் அழிக்கவில்லை. எத்டூல் சொல்வது: ஸ்பீட் 100, டூப்ளெக்ஸ் ஃபுல், ஆட்டோநெகோஷியேஷன் ஆன். ஆனால் 'லிங்க் பார்ட்னர் அட்வர்டைஸ்டு' என்ற வரியில் 1000பேஸ்-டி ஃபுல்லும் இருக்கிறது. அப்படியென்றால் ரவுட்டர் கிகாபிட் தரத் தயார், என் கணினிதான் எடுத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தமா? அப்போது டிரைவர்தானே?

செப்புக்கம்பி · ஞாயிறு, காலை 8:02

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும்: ஊசி 1-2 ஒரு ஜோடி, 3-6 இன்னொரு ஜோடி. கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒவ்வொரு ஜோடியும் 250 மெகாபிட்டை இரு திசையிலும் ஒரே நேரத்தில் சுமக்கும். 1999ல் வந்த 802.3ஏபி தரம் அப்படித்தான் வகுத்தது.

ஆனால் 'உனக்கு என்ன வேகம் தெரியும், எனக்கு என்ன தெரியும்' என்ற தொடக்கப் பேச்சு மட்டும் அந்தப் பழைய இரண்டு ஜோடிகளிலேயே நடக்கிறது. 4-5 அல்லது 7-8 அறுந்திருந்தாலும் பேச்சு சுமுகமாக முடியும். இருவரும் கிகாபிட் என்று கைகுலுக்குவார்கள். ஓடப் பார்த்தால் கால் ஒன்று இல்லை. சில முறை முயன்றுவிட்டு சிப் தானாகவே 100க்கு இறங்கிவிடும். அதனால்தான் பார்ட்னர் 1000 என்று சொல்கிறது, ஸ்பீட் 100 என்று நிற்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் கம்பி மேல்தான்.

கர்னல் இதை வாய்விட்டே சொல்லியிருக்கும். லாக்கைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையை கே தெரிவோடு ஓட்டி, 'டவுன்ஷிஃப்ட்' (வேகம் கீழே இறங்கியது) என்ற சொல்லைத் தேடுங்கள்.

தூங்காவிளக்கு · ஞாயிறு, காலை 8:20

ஐயோ.

'டவுன்ஷிஃப்ட் அக்கர்டு ஃப்ரம் நெகோஷியேட்டட் ஸ்பீட் 1ஜிபிபிஎஸ் டு ஆக்சுவல் ஸ்பீட் 100எம்பிபிஎஸ், செக் கேபிளிங்!'

ஆச்சரியக்குறியோடு. மூன்று நாளாக அங்கேயே இருந்திருக்கிறது. நான் பார்க்கவே இல்லை.

ஆனாலும் ஒரு சந்தேகம். கேபிள் வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை, கேட் 6. அப்டேட் வந்த மறுநாள் கேபிள் அறுந்தது என்றால் நம்ப முடிகிறதா?

திருப்புளி · ஞாயிறு, காலை 9:10

தம்பி, அப்டேட்டுக்கு மறுநாள்தான் அறுந்தது என்று யார் சொன்னது? நீங்கள் வியாழன் அன்று கவனித்தீர்கள், அவ்வளவுதான். அதற்கு முன் கடைசியாகப் பெரிய கோப்பு எப்போது நகலெடுத்தீர்கள்?

ஜர்னல் பழைய பூட்டுகளையும் வைத்திருக்கும். லிஸ்ட்-பூட்ஸ் என்று கேட்டால் ஒவ்வொரு பூட்டும் தேதி நேரத்தோடு வரும். கழித்தல் ஒன்று, கழித்தல் இரண்டு என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போய், 'லிங்க் இஸ் அப்' வரியில் 1ஜிபிபிஎஸ் கடைசியாக எப்போது இருந்தது என்று பாருங்கள். உங்கள் ஞாபகத்தைவிட லாக் நல்ல சாட்சி. என் ஞாபகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தூங்காவிளக்கு · ஞாயிறு, காலை 9:48

பார்த்தேன். செவ்வாய் காலை பூட்: லிங்க் இஸ் அப், 1ஜிபிபிஎஸ். செவ்வாய் மாலை 6:12 பூட்: 100எம்பிபிஎஸ், அடைப்புக்குறிக்குள் டவுன்ஷிஃப்டட். கர்னல் அப்டேட் புதன் இரவு. நீங்கள் கேட்ட மாதிரியே, கடைசிப் பெரிய நகல் திங்கள் அன்று.

ஆக, கர்னல் வருவதற்கு ஒரு நாள் முன்பே இது நடந்திருக்கிறது. கர்னல்காரன் சிரிக்கிறார் என்று நினைக்கிறேன்.

கர்னல்காரன் · ஞாயிறு, காலை 9:55

சிரிக்கவில்லை. பழைய கர்னலிலும் அதே 11 வந்தபோதே நானும் யோசித்திருக்க வேண்டும். செவ்வாய் பகலில் என்ன நடந்தது?

தூங்காவிளக்கு · ஞாயிறு, காலை 10:04

ஒன்றும் நடக்கவில்லை. கணினியைத் திறக்கவில்லை, எதையும் இன்ஸ்டால் செய்யவில்லை. அறையைப் பெருக்க மேசையை நகர்த்தினோம், அவ்வளவுதான்.

திருப்புளி · ஞாயிறு, காலை 10:06

:)

மௌனவாசகி · ஞாயிறு, காலை 10:30

இந்த இழையைக் கடத்தும் எண்ணமில்லை. ஆனால் 'லாக்கைப் படி' என்று நீங்கள் சொல்வதைப் பார்த்து என் கதை ஞாபகம் வந்தது. போன மாதம் என் பழைய கணினியில் பிங் போகிறது, ஆனால் உலாவியில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை. ஆப்ட் அப்டேட் (மென்பொருள் பட்டியலைப் புதுப்பிப்பது) செய்தால் 'ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்' என்று மறுக்கிறது. ஃபயர்வாலைக் குடைந்தேன், ரவுட்டரை ரீசெட் செய்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் திரையின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன்: பல வருடம் பின்னால். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி காலி. மின்சாரத்தை அணைத்தால் கடிகாரம் பிறந்த நாளுக்கே போய்விடுகிறது. பேட்டரியை மாற்றினேன், எல்லாத் தளமும் திறந்தது.

சான்றிதழ் 'இன்ன தேதியிலிருந்து செல்லும்' என்று சொல்கிறது, கணினியோ அந்தத் தேதி இன்னும் வரவே இல்லை என்கிறது. பாவம், இரண்டும் தத்தம் அளவில் சரிதான்.

அரைவட்டு · ஞாயிறு, காலை 10:44

நான் என்றால் இதற்கும் இன்ஸ்டால் செய்திருப்பேன். இன்ஸ்டாலர் நேரத்தை இணையத்திலிருந்து சரிசெய்யும், 'பார், சரியாகிவிட்டது' என்று பெருமைப்பட்டிருப்பேன். அடுத்த முறை பிளக்கைப் பிடுங்கும் வரை.

தூங்காவிளக்கு · ஞாயிறு, மதியம் 12:15

வேறு கேபிள் போட்டேன். புதிது, பையைப் பிரித்து. அப்போதும் 100. அப்படியென்றால் கேபிள் இல்லை! திரும்பவும் டிரைவருக்கே வந்துவிட்டோமா?

எத்டூலில் கேபிள்-டெஸ்ட் என்று ஒன்று இருப்பதாகப் படித்து அதையும் அடித்தேன். 'ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்'.

செப்புக்கம்பி · ஞாயிறு, மதியம் 12:32

அந்தச் சோதனை எல்லாச் சிப்பிலும் கிடையாது. இருக்கும் சிப்பில் எத்தனை மீட்டரில் அறுந்திருக்கிறது என்றுகூடச் சொல்லும். நம்மிடம் இல்லை, சரி, கால்நடையாகப் போவோம்.

நீங்கள் மாற்றியது மேசையிலிருந்து சுவர் வரை உள்ள துண்டு மட்டும். வழியை முழுசாக எழுதிப் பாருங்கள்: நெட்வொர்க் கார்டு, மேசைக் கேபிள், சுவர் சாக்கெட், சுவருக்குள் ஓடும் கேபிள், மறுமுனை, ரவுட்டர் போர்ட். ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டால் ஆறு சோதனை. நடுவில் வெட்டினால் இரண்டு மூன்றில் முடியும்.

கிடங்கு லேப்டாப்பைத் தூக்கி மேசைக்குக் கொண்டுவாருங்கள். டெஸ்க்டாப்பிலிருந்து கேபிளைப் பிடுங்கி அதே முனையை லேப்டாப்பில் செருகி எத்டூல் பாருங்கள். அதுவும் 100 என்றால் டெஸ்க்டாப்பின் கார்டு, டிரைவர், கர்னல் மூன்றும் ஒரே அடியில் குற்றமற்றவை. பிறகு அதே கேபிளைக் கூடத்துக்கு எடுத்துப்போய் லேப்டாப்பை நேரடியாக ரவுட்டரில் செருகுங்கள். சுவரிலிருந்து வரும் கேபிள் இப்போது ரவுட்டரில் எந்தப் போர்ட்டில் இருக்கிறதோ, அதே போர்ட்டில். போர்ட்டை மாற்றினால் சோதனை கெட்டது.

ஒரு தடவைக்கு ஒரு பொருள்தான் மாற வேண்டும். நீங்கள் சனிக்கிழமைக்குள் ஏழு பொருளை மாற்றிவிட்டீர்கள், அதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

தூங்காவிளக்கு · ஞாயிறு, மதியம் 1:20

மேசையில் லேப்டாப்: 100.
ரவுட்டரில் நேரடியாக, அதே போர்ட், அதே கேபிள்: 1000.
நான் சந்தேகப்பட்ட பழைய கேபிளும் அங்கே: 1000.

இப்போது மிச்சம் சுவர் மட்டும். சுவரை உடைக்கச் சொல்லாதீர்கள்.

திருப்புளி · ஞாயிறு, மதியம் 1:34

உடைக்க வேண்டாம். சுவருக்குள் அசையாமல் கிடக்கும் கம்பி சும்மா அறுவது அபூர்வம். பழுது வருவது நாம் கை வைக்கும் இரண்டு நுனிகளில்தான்.

ஒரு டார்ச்சைச் சாய்வாக அடித்துச் சாக்கெட்டுக்குள் பாருங்கள். எட்டு மெல்லிய பொன்னிறக் கம்பிகள் சீப்புப் பல் மாதிரி, ஒரே சாய்வில், ஒரே உயரத்தில் வரிசையாக நிற்க வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தாலோ பக்கத்துப் பள்ளத்துக்குள் ஏறியிருந்தாலோ அதுதான். நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்த்துப் பாருங்கள்.

தூங்காவிளக்கு · ஞாயிறு, மதியம் 1:50

கண்டேன்!

ஆறு கம்பி வரிசையாக நிற்கிறது. ஏழாவது தன் பள்ளத்தை விட்டு நகர்ந்து எட்டாவதன் மேல் சாய்ந்து கிடக்கிறது. எட்டாவது உள்ளே அமுங்கியிருக்கிறது. பிளக்கைச் செருகினால் அது இரண்டுக்கும் பட வாய்ப்பே இல்லை.

இப்போதுதான் புரிகிறது. மேசையைத் திரும்பத் தள்ளும்போது கொஞ்சம் அதிகமாகவே தள்ளியிருக்கிறோம். மேசையின் பின்பலகை பிளக்கின் பின்பக்கத்தில் இடித்து, அதைக் கோணலாக உள்ளே அழுத்தியிருக்கிறது. பலகையில் பிளக்கின் அடையாளம்கூட இருக்கிறது, நகம் அளவுக்கு ஒரு பள்ளம்.

திருப்புளி · ஞாயிறு, மதியம் 2:05

7-8. பழுப்பு ஜோடி. பாடப் புத்தகத்தில் போடலாம்.

சிறிய தொலைபேசி பிளக்கை இந்தச் சாக்கெட்டில் செருகினாலும் ஓரத்துக் கம்பிகள் இப்படி அமுங்கும். அதுவும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஊசியால் நிமிர்த்தலாம். நான் நிமிர்த்த மாட்டேன். ஒருமுறை வளைந்த கம்பிக்கு ஸ்பிரிங் போய்விடும், இரண்டு மாதத்தில் திரும்ப அதே இழையைத் திறப்பீர்கள். சாக்கெட்டின் உள்துண்டை மட்டும் மாற்றுங்கள். பின்பக்கம் நிறக் குறி இரண்டு வகையில் அச்சிட்டிருக்கும், ஏ என்றும் பி என்றும். மறுமுனையில் எந்த முறையோ அதையே இங்கும் பின்பற்றுங்கள். பழையதைக் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுங்கள். ஜோடிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். அழகாக இருக்கிறதே என்று நீளமாகப் பிரித்துவிட்டால் ஒரு ஜோடியின் சத்தம் இன்னொன்றில் கேட்கும்.

தூங்காவிளக்கு · ஞாயிறு, மாலை 6:40

மாற்றிவிட்டேன். லிங்க் இஸ் அப், 1ஜிபிபிஎஸ், ஃபுல்.

நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டினேன், இரண்டு பக்கமும் 941 மெகாபிட். சம்பாவில் 111 மெகாபைட். போட்டோவில் பச்சையும் ஆரஞ்சும் எனக்கு ஒன்று போலத் தெரிந்ததால் முதலில் ஏ முறையில் மாட்டிவிட்டேன், மறுமுனை பி. வேடிக்கை என்னவென்றால் அப்போதும் 1000 வந்தது!

செப்புக்கம்பி · ஞாயிறு, மாலை 6:58

இன்றைய சிப்புகள் குறுக்காக மாறிய ஜோடிகளைத் தாமே கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்ளும். ஆனாலும் பி முறைக்கு மாற்றிவிட்டீர்கள் என்று நம்புகிறேன். நாளைக்கு அதைத் திறப்பவர் நீங்களாகவே இருக்கலாம்.

941 சரியான எண். 1000த்தில் தலைப்புகள் போக டிசிபிக்கு அவ்வளவுதான் மிஞ்சும். ஐபெர்ஃப் வட்டைத் தொடாது, நினைவகத்திலிருந்து நேராக அனுப்பும். அதனால் நெட்வொர்க் ஒரு பக்கம், வட்டும் சம்பாவும் ஒரு பக்கம் என்று பிரித்துக் காட்டிவிடும். முதல் நாளே ஓட்டியிருந்தால் 94 வந்திருக்கும், சம்பா கட்டமைப்பைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள்.

கர்னல்காரன் · ஞாயிறு, இரவு 8:10

கேபிளைப் பற்றிப் பேசும்போது ஒன்று. சாட்டா வட்டிலும் இதே கூத்து உண்டு. வட்டின் ஆரோக்கியத்தைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் அறிக்கையில் 199 என்ற எண்ணுள்ள வரி, யூடிஎம்ஏ சிஆர்சி எரர் கவுண்ட். மற்ற எண்கள் நன்றாக இருந்து இது மட்டும் ஏறிக்கொண்டே போனால், வட்டைத் தூக்கிப் போடும் முன் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். வட்டுக்கும் போர்டுக்கும் நடுவில் தரவு சிதைகிறது என்பதைத்தான் அது எண்ணுகிறது. கேபிளை மாற்றிய பிறகு அந்த எண் பூஜ்யம் ஆகாது, ஏறாமல் நின்றால் போதும். நான் நல்ல வட்டு ஒன்றை இப்படிக் கழித்துக் கட்டியவன், அதனால்தான் சொல்கிறேன்.

சரி, அந்த வைஃபை?

தூங்காவிளக்கு · ஞாயிறு, இரவு 8:45

கம்பி சரியானதால் வைஃபை எனக்கு இனி தேவையில்லை. ஆனால் காரணம் தெரியாமல் தூக்கம் வராது. டாங்கிள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். பின்பக்கம் நீல நிற யூஎஸ்பி போர்ட்டுகள் இரண்டு ஒட்டி ஒட்டி இருக்கின்றன. ஒன்றில் டாங்கிள், ஒன்றில் வெளி டிஸ்க். வைஃபையின் பவர் சேவை அணைத்தும் பார்த்துவிட்டேன், பயனில்லை.

செப்புக்கம்பி · ஞாயிறு, இரவு 9:02

நீலம், ஒட்டி ஒட்டி, 2.4. மூன்றையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

யூஎஸ்பி 3 நொடிக்கு 5 கிகாபிட்டில் ஓடுகிறது. அந்த வேகத்தில் கம்பியும் கனெக்டரும் வெளியே கசிய விடும் மின்சத்தம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவுகிறது. இன்டெல் 2012லேயே இதைப் பற்றித் தனியாக ஓர் ஆவணம் வெளியிட்டது. டாங்கிளின் ஆன்டெனா அந்தக் கனெக்டரிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில் இருக்கிறது. கல்யாண மேளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் பேசுகிற கதை.

ஆனால் ஊகத்தை நம்பாதீர்கள். வேறொரு காரணமும் இருக்கலாம்: டிஸ்க் இழுக்கும் மின்சாரத்தில் டாங்கிளுக்குப் பற்றாமல் போவது. பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. மின்சாரக் குறை என்றால் டிமெஸ்ஜியில் (கர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை) யூஎஸ்பி டிஸ்கனெக்ட், ரீசெட் என்று வரிகள் வரும். சத்தம் என்றால் யூஎஸ்பி பற்றி ஒரு வரியும் வராது, வைஃபையின் பிட்ரேட் (தரவு வேகம்) மட்டும் சரியும். நெட்வொர்க்கைத் தொடாமல், கணினியிலேயே இருக்கும் ஒரு பெரிய கோப்பை வெளி டிஸ்குக்கு நகலெடுங்கள். அந்த நேரத்தில் ரவுட்டருக்கு பிங் ஓடட்டும், வைஃபைக்கான ஐடபிள்யூ கட்டளையில் லிங்க் நிலையையும் பாருங்கள்.

தூங்காவிளக்கு · ஞாயிறு, இரவு 9:50

டிஸ்க் சும்மா இருக்கும்போது: சிக்னல் -47 டிபிஎம், பிட்ரேட் 130, பிங் 3 மில்லிநொடி.
நகல் ஓடும்போது: சிக்னல் அதே -47! பிட்ரேட் 26, அப்புறம் 6.5. பிங் 400, 900, பிறகு பதிலே இல்லை. டிமெஸ்ஜியில் ஒரு வரிகூட இல்லை.

சிக்னல் நன்றாக இருக்கிறதே என்றுதான் நான் இத்தனை நாள் ரவுட்டர் மேல் சந்தேகப்படவில்லை, டாங்கிள் மேலும் சந்தேகப்படவில்லை.

செப்புக்கம்பி · ஞாயிறு, இரவு 10:01

சிக்னல் என்பது ரவுட்டர் எவ்வளவு உரக்கப் பேசுகிறது என்ற அளவு. பக்கத்தில் எவ்வளவு இரைச்சல் என்பது அதில் தெரியாது.

டாங்கிளை ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் போட்டுத் தள்ளி வைத்து, அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். அப்புறம் இன்னொன்றும்: டாங்கிளைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு டிஸ்கைக் கறுப்பு யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகிப் பாருங்கள். டிஸ்க் மெதுவாகும், ஆனால் சத்தம்தான் காரணம் என்றால் வைஃபை பிழைத்துவிடும்.

தூங்காவிளக்கு · திங்கள், காலை 6:55

நீட்டிப்பு வயரில்: பிட்ரேட் 117, பிங் 3 முதல் 6. நகல் முழுசாக முடியும் வரை அசையவில்லை.
கறுப்பு போர்ட்டில்: டிஸ்க் 35 மெகாபைட்டுக்கு இறங்கியது, வைஃபை 130லேயே நின்றது.

இரவு முழுக்க உட்கார்ந்து நான் செய்த 'சரிசெய்தல்'களை எல்லாம் திரும்பச் சரிசெய்தேன். எம்டியூவை 1500 ஆக்கினேன். ஐபிவி6 மீண்டும் வந்தது. டிஎன்எஸ் பழையபடி. சம்பாவில் சேர்த்த நாலு வரியில் ஒன்று இந்தப் பதிப்பில் இல்லவே இல்லை என்று சம்பாவின் சோதனைக் கட்டளையான டெஸ்ட்பார்ம் சொன்னது, நாலையும் எடுத்தேன். டிரைவர் அமைப்புகள் இருக்கும் மோட்ப்ரோப்.டி கோப்புறையில் பிளாக்லிஸ்ட் கோப்பு இரண்டு கிடந்தது: ஒன்றை அன்றே நீக்கியிருந்தேன் என்று நினைத்தேன், வரியின் முன்னால் ஒரு குறி மட்டும் போட்டு விட்டிருக்கிறேன். இரண்டையும் அழித்து இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் லோட் ஆகும் கோப்பு) புதுப்பித்து, ரீபூட் செய்து, எத்டூல் பார்த்த பிறகுதான் படுத்தேன்.

பழுதைக் கண்டுபிடிக்க ஒரு பகல் ஆனது. நான் போட்ட குப்பையை அள்ள ஓர் இரவு.

அரைவட்டு · திங்கள், காலை 7:30

நான் சொன்னபடி இன்ஸ்டால் செய்திருந்தால் குப்பை தானாகவே போயிருக்கும் :)

செப்புக்கம்பி · திங்கள், காலை 7:34

போயிருக்கும். புத்தம்புது டெபியன், 11 மெகாபைட்.

திருப்புளி · திங்கள், காலை 8:15

தம்பி, ஒரே ஒரு கேள்வி. இப்போது மேசைக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள்?

தூங்காவிளக்கு · திங்கள், காலை 8:17

ஒரு சாண். பிளக்குக்குப் பின்னால் இடிக்காதபடி மேசைக் காலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையும் வைத்திருக்கிறேன்.